மூணு மீட்டர் முப்பத்தஞ்சு

காற்றாலை டவர் ஏற்றிய டிரெய்லருக்கு முன்னால் ஒரு ஜீப் போகும். அதில் இருக்கிற ஆளிடம் நீளமான கம்பு ஒன்று இருக்கும், கம்பில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. கரண்டு வயர், புளியமரக் கிளை, கட்சிக்காரர்கள் வைத்த அலங்கார வளைவு என்று எது குறுக்கே வந்தாலும் இறங்கிக் கம்பை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். தடை கோட்டுக்கு மேலே இருந்தால் வண்டி போகும். கீழே இருந்தால் அன்றைய ராத்திரி அங்கேதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கயத்தாறு, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் நடுவே அந்த ஜீப்பில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை கம்பைச் சரியாகப் பார்க்காமல் கையசைத்துவிட்டேன். ஒரு கோயில் வளைவின் மயில் தலை போனது. ஊர்க்காரர்கள் எங்களை விடியும்வரை விடவில்லை. அது என் தப்புதான்.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். டவரின் அடித்துண்டு இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் டவரை இன்னும் உயரமாகக் கட்டலாம், காற்று நன்றாகக் கிடைக்கும். இன்ஜினியர்களுக்கு அது தெரியும். ஆனால் நாலு மீட்டர் சொச்சத்துக்கு மேல் போனால் மேம்பாலத்துக்கு அடியில் நுழையாது. ஆக, டவரின் இடுப்பளவை முடிவு செய்வது காற்றும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, யாரோ எப்போதோ கட்டிய ஒரு பாலம்.

அதனால்தான், சில வருஷங்களுக்கு முன்பு சீன ராக்கெட்டுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது 3.35 மீட்டர் என்ற எண் என் கண்ணில் திரும்பத் திரும்பக் குத்தியது. லாங் மார்ச் 2, லாங் மார்ச் 3, லாங் மார்ச் 4 என்று எதை எடுத்தாலும் நடு உடம்பின் விட்டம் 3.35 மீட்டர். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதே அளவு. காரணம், பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் செய்த ராக்கெட்டை நாட்டின் உள்ளே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் கொண்டுபோக வேண்டும். வழியில் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. படித்தபோது சிரித்துவிட்டேன். விண்வெளிக்குப் போகிற சாமானுக்கும் கம்பு பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஏன் அவ்வளவு உள்ளே கொண்டுபோனார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

சீன ராக்கெட்டின் தொடக்கத்தை எல்லோரும் சியான் சூசென் என்ற விஞ்ஞானியிடம் இருந்து சொல்வார்கள், அதுவும் சரிதான். 1935-இல் அமெரிக்கா போய்ப் படித்தவர். கால்டெக்கில் தியோடர் வான் கார்மனின் மாணவர், இன்று செவ்வாய்க்கு வண்டி அனுப்புகிற ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1945-இல் அமெரிக்க ராணுவத்தின் தற்காலிக கர்னலாக ஜெர்மனிக்குப் போய் அந்நாட்டு ராக்கெட் நிபுணர் வெர்னர் வான் பிரவுனை விசாரித்தவர். 1950-இல் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள், கொஞ்ச நாள் அடைத்தும் வைத்தார்கள். அப்புறம் ஐந்து வருஷம் ஊரை விட்டு நகர முடியாமல் கண்காணிப்பில் இருந்தார். 1955-இல், கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளை மீட்கும் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியாக, அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இந்த நாடு செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அது என்று கடற்படைச் செயலராக இருந்த டான் கிம்பல் பிற்பாடு சொன்னார். மறு வருஷம், 1956 அக்டோபரில், சீனப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐந்தாவது அகாடமி தொடங்கியது. தலைமையில் சியான்.

அவரை முழுக்கப் புனிதராக்கிவிடவும் வேண்டாம். 1958-இல், வயலில் விழும் சூரிய ஒளியைக் கணக்குப் போட்டால் விளைச்சல் பல மடங்கு ஏற இடம் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். மாவோவின் பெரும் பாய்ச்சல் திட்டத்தின் பெயரில் பொய் விளைச்சல் கணக்குகள் பறந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்து வந்தது பஞ்சம். ராக்கெட் கணக்கில் அவ்வளவு கறாரானவர் நெல் கணக்கில் எப்படிச் சறுக்கினார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சோவியத் யூனியன் முதலில் கை கொடுத்தது. ஜெர்மானிய வி-2-இன் அடுத்த தலைமுறையான ஆர்-2 ஏவுகணையையும் வரைபடங்களையும் தந்தது, ஆட்களையும் அனுப்பியது. 1960 ஆகஸ்டில் உறவு முறிந்து நிபுணர்கள் கிளம்பிவிட்டார்கள். நவம்பர் 5 அன்று அதே ஆர்-2-இன் சீனப் பிரதி, தோங்ஃபெங் 1, மேலே போனது.

அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த காட்சி வேறு. பிப்ரவரி 19, ஷாங்காய்க்கு வெளியே லாவ்காங் என்ற கடலோரக் கிராமம். வாங் சிஜி என்பவரின் தலைமையில் இளைஞர்கள் சிலர் டி-7எம் என்ற சின்ன ஆய்வு ராக்கெட்டைக் கிளப்ப நின்றார்கள். மணல் மூட்டை அடுக்கியதுதான் கட்டுப்பாட்டு அறை. ஒலிபெருக்கி இல்லை, தொலைபேசி இல்லை. உத்தரவைக் கத்திச் சொன்னார்கள், கத்தல் எட்டாத இடத்துக்குக் கையால் சைகை காட்டினார்கள். எரிபொருள் தொட்டியில் அழுத்தம் ஏற்ற முறையான கருவி கிடைக்காததால் சைக்கிள் பம்ப்பால் அடித்தார்கள். ராக்கெட் 8 கிலோமீட்டர் போனது. நம்ம ஊர் விமானமே அதைவிட உயரத்தில் பறக்கிறது. ஆனால் சைக்கிள் பம்ப்பைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, உஸ்ஸ் உஸ்ஸென்று காற்றடிக்கிற அந்த ஆளை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த கதையும் வெறும் கையால் செய்த வேலை மாதிரிதான். 1964 ஜூன், கோபி பாலைவனத்து ஜியூசுவான் ஏவுதளம். தோங்ஃபெங் 2-இன் முதல் சோதனை 1962 மார்ச்சில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்திருந்தது. இது இரண்டாவது முயற்சி. வெயில் கொளுத்தியது. சூட்டில் எரிபொருள் விரிந்து அடர்த்தி குறைந்தது, அதனால் தொட்டி நிறைய ஊற்றினாலும் எடை போதவில்லை, ஏவுகணை இலக்கைத் தொடாது என்று கணக்கு சொன்னது. இன்னும் கொஞ்சம் எரிபொருளை எங்கே ஊற்றுவது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வாங் யோங்சி என்ற இளைஞர் எழுந்து, 600 கிலோ ஆல்கஹாலை வெளியே எடுத்துவிடுங்கள், சரியாகப் போகும் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. நேரே சியானிடம் போனார். அதிகப்படி ஆல்கஹாலை எரிக்க ஆக்சிஜன் பற்றாது, அது கடைசிவரை சும்மா சுமக்கிற பாரம்தான் என்று விளக்கினார். சியான் கேட்டுவிட்டு, பையன் சொல்வது சரி, அப்படியே செய்யுங்கள் என்றார். ஜூன் 29 அன்று ஏவுகணை இலக்கைத் தொட்டது. அந்த வாங்தான் பின்னாளில் மனிதரை அனுப்பும் திட்டத்துக்கே தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

கவனித்தால் தெரியும், இதுவரை நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஏவுகணை. சீனாவின் செயற்கைக்கோள் ராக்கெட்டுகளுக்குத் தாய்வீடு அதுதான். ஏவுகணையின் மேல் இன்னொரு அடுக்கை வைத்தால் ராக்கெட். லாங் மார்ச் 1 அப்படி வந்தது, கீழே இரண்டு அடுக்கு திரவ எரிபொருள், உச்சியில் திட எரிபொருள். உடம்பு விட்டம் 2.25 மீட்டர்.

அதைச் செய்த வருஷங்கள் கலாச்சாரப் புரட்சியின் வருஷங்கள். உலோகப் பொருள்களில் கெட்டிக்காரரான யாவ் தோங்பின்னை 1968 ஜூனில் ஒரு கோஷ்டி அடித்தே கொன்றது. செயற்கைக்கோள் யோசனையை முதலில் முன்வைத்தவர்களில் ஒருவரான ஜாவ் ஜியூஜாங் அதே வருஷம் தற்கொலை செய்துகொண்டார். மிச்சம் இருந்தவர்களைக் காப்பாற்றப் பிரதமர் சோ என்லாய் பாதுகாப்புப் பட்டியல் போட வேண்டி வந்தது.

இந்தக் கெடுபிடியிலும் ஒரு வேடிக்கை. செயற்கைக்கோளுக்குக் கருவி செய்துகொடுத்த ஒவ்வொரு பிரிவும் பக்தி மிகுந்து கருவிமேல் மாவோ பேட்ஜைப் பதித்து அனுப்பியது. எல்லாம் உலோகம். எடை கூடியது, சூட்டுக் கணக்கும் தடுமாறியது. கழற்று என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? பொறுப்பில் இருந்த சுன் ஜியாதோங் ஒரு கூட்டத்தில் சோ என்லாயிடமே மெல்ல எடுத்துச் சொன்னார். மக்கள் மாமண்டபத்தில்கூட எல்லாச் சுவரிலும் படம் மாட்டவில்லையே, மரியாதை என்பது வேலை சரியாக நடப்பதில் இருக்கிறது என்ற பொருளில் சோ பதில் சொல்ல, பேட்ஜுகள் இறங்கின.

1970 ஏப்ரல் 24, இரவு 9:35. ஜியூசுவானில் இருந்து 173 கிலோ எடையுள்ள தோங்ஃபாங்ஹோங் 1 மேலே போனது. சோவியத், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், அடுத்து சீனா. முன்னால் போன நாலு நாடுகளின் முதல் செயற்கைக்கோள்களையும் ஒரே தராசுத் தட்டில் வைத்தாலும் இது கனம். 'கிழக்கு சிவந்தது' பாட்டின் மெட்டை வானொலியில் ஒலிபரப்பிக்கொண்டே சுற்றியது. செயற்கைக்கோளோ சின்னது, ஒரு மீட்டர் அகலம். மக்கள் வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமே? கூடவே சுற்றி வந்த மூன்றாவது அடுக்கில் விரிந்து பளபளக்கிற பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது பெரும்பாலும் அந்தப் பாவாடையைத்தான். செயற்கைக்கோளின் பாட்டு மே மாதத்திலேயே நின்றுபோனது, உடம்பு மட்டும் இன்றும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, இடுப்பளவுக்கு வருவோம்.

1964 வாக்கில் பெய்ஜிங்குக்கு இரண்டு பக்கமும் பயம். கடல் பக்கம் அமெரிக்கா, வடக்கே சோவியத். கடலோரத்துத் தொழிற்சாலைகளை எல்லாம் மலைகளுக்கு நடுவே கொண்டுபோய் ஒளித்து வைக்கும் திட்டம் ஒன்று போட்டார்கள், மூன்றாம் முனை என்று அதற்குப் பெயர். ஏவுதளங்களும் அந்தப் பயத்தின் பிள்ளைகள். வடக்கே பாலைவனத்தில் ஜியூசுவான் ஏற்கெனவே இருந்தது. அடுத்து ஷான்சி மாகாணத்தில் தையுவான், தென்மேற்கே சிச்சுவான் மலைகளில் ஷிசாங். ஷிசாங்குக்குப் போகும் செங்து-குன்மிங் ரயில் பாதை 1970-இல் திறந்தது. சுமார் 1,100 கிலோமீட்டர் தூரத்தில் 400-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். நான் ஒரு மேம்பாலத்துக்கே ராத்தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறேன். அந்தப் பாதையில் ரூட் சர்வே போட்டவர் யாரோ, அவருக்கு என் கும்பிடு.

பயம் இன்னொன்றையும் முடிவு செய்தது, எரிபொருளை. லாங் மார்ச் 2, 3, 4 எல்லாம் தோங்ஃபெங் 5 என்ற கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் வம்சம். திரவ ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதை ஊற்றி வைத்துவிட்டுப் போர் வரும்வரை காத்திருக்க முடியாது. யூ.டி.எம்.எச். என்கிற ஹைட்ரசீன் வகையும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் சாதாரணச் சூட்டிலேயே தொட்டியில் கிடக்கும், ஒன்றையொன்று தொட்ட உடனே தானாகப் பற்றிக்கொள்ளும். ராணுவத்துக்கு வசதி. மூக்கில் ஏறினால் நுரையீரல் வெந்துபோகும். ஏவுகணையோடு வந்த இந்த எரிபொருள் ராக்கெட்டிலும் தங்கிவிட்டது.

லாங் மார்ச் 2-இன் முதல் பயணம் 1974 நவம்பர் 5. இருபது விநாடியில் தள்ளாடி வெடித்தது. சுன் ஜியாதோங்கும் சகாக்களும் பாலைவனத்தில் துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள், மணலைச் சலித்துக்கூடத் தேடினார்கள். கிடைத்த காரணம் ஒரு வயர். ராக்கெட்டின் சாய்மானத்தைச் சொல்லும் கைரோவில் இருந்து வரும் வயரில், மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. தரையில் சோதித்தபோது தொட்டுக்கொண்டிருந்தது, அதிர்வில் விலகிவிட்டது. வண்டி எலக்ட்ரீசியனைக் கேளுங்கள், எல்லாப் பிழையிலும் மோசமான பிழை இதுதான் என்பார். மறு வருஷம் நவம்பர் 26 அன்று ராக்கெட் போனது, தரைக்குத் திரும்புகிற வகைச் செயற்கைக்கோள் ஒன்றைச் சுற்றுப்பாதையில் விட்டது.

அடுத்த பத்து வருஷத்தில் பெரிய தாவல் லாங் மார்ச் 3. மூன்றாவது அடுக்கில் திரவ ஹைட்ரஜன், அதாவது கடுங்குளிரில் வைக்க வேண்டிய கிரையோஜெனிக் எரிபொருள். 1984 ஜனவரியில் ஷிசாங்கில் இருந்து கிளம்பியபோது அந்த இன்ஜின் இரண்டாம் தடவை சரியாக எரியவில்லை. எழுபதே நாளில், ஏப்ரல் 8 அன்று, அடுத்த ராக்கெட்டில் தொலைத்தொடர்புக் கோளை அனுப்பிவிட்டார்கள். தன் கிரையோஜெனிக் இன்ஜினுக்காக இந்தியா 2014 ஜனவரிவரை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த எழுபது நாளின் அருமை தெரியும்.

அப்புறம் வியாபாரம். 1985-இல் வெளிநாட்டுச் செயற்கைக்கோளும் ஏற்றுவோம் என்று அறிவித்தார்கள். முதலில் வந்த பெரிய சரக்கு ஏசியாசாட் 1. அது செகண்ட் ஹேண்ட்! 1984-இல் தவறான பாதையில் மாட்டிக்கொண்ட வெஸ்டார் 6 என்ற கோளை அமெரிக்க விண்ணோடம் போய்ப் பிடித்து இறக்கியது, அதைப் புதுப்பித்து விற்றார்கள். 1990 ஏப்ரல் 7 அன்று லாங் மார்ச் 3 அதை இரண்டாம் முறையாக விண்ணுக்கு அனுப்பியது.

இன்னும் கனமான சரக்கு கேட்டு வந்தபோது 3.35 மீட்டர் முன்னால் வந்து நின்றது. உடம்பை அகலமாக்கினால் சுரங்கத்தில் நுழையாது. நீளத்தைக் கூட்டினால் மூங்கில் மாதிரி ஆடும். அதனால் பக்கத்தில் நாலு பூஸ்டர்களைக் கட்டினார்கள், ஒவ்வொன்றும் பழைய 2.25 மீட்டர். ரயிலில் தனித்தனியாக வரும், ஏவுதளத்தில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். லாங் மார்ச் 2ஈ இப்படித்தான் பிறந்தது, பதினெட்டு மாசத்தில். சுமை இரண்டரை டன் சொச்சத்தில் இருந்து ஒன்பது டன்னைத் தாண்டியது. அதே யுக்தியில் லாங் மார்ச் 3பி. காற்றாலை இறக்கையை முழுசாகக் கொண்டுபோக முடியாத மலைப்பாதைக்கு நாங்கள் சொல்லும் வைத்தியமும் இதுவேதான்: துண்டு துண்டாக வா, மேலே போய்ச் சேர்த்துக்கொள்.

தொண்ணூறுகள் ரத்தம் தோய்ந்தவை. 1992 மார்ச்சில் ஆஸ்திரேலியச் செயற்கைக்கோளோடு நின்ற 2ஈ, டிவி நேரலையில், நெருப்பைக் கக்கிவிட்டு அணைந்து அங்கேயே நின்றது. பற்றவைக்கும் மின்தொடர்பில் ஒரு துளி அலுமினியத் துகள். 1995 ஜனவரியில் இன்னொரு 2ஈ நடுவானில் வெடித்து, சிதறல் விழுந்து கீழே 6 பேர் இறந்தார்கள். 1996 பிப்ரவரி 15 அதிகாலை, லாங் மார்ச் 3பி-இன் முதல் பயணம், உள்ளே இன்டெல்சாட் 708. கிளம்பி இரண்டு விநாடியில் சாய ஆரம்பித்தது. 22 விநாடியில், தொட்டி நிறைய எரிபொருளோடு, ஏவுதளத்துக்குப் பக்கத்து மலைச்சரிவில் தலைகுப்புற இறங்கியது. திசைகாட்டும் தளத்தின் மின்சுற்றில் ஒரு தங்க-அலுமினிய ஒட்டு விட்டுப்போனதுதான் காரணம். அரசுக் கணக்கில் 6 சாவு, 57 பேருக்குக் காயம். மறுநாள் பேருந்து ஜன்னல் வழியாக நொறுங்கிய வீடுகளைப் பார்த்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் அந்தக் கணக்கை நம்பவில்லை.

அந்த விபத்தை அலசும்போது அமெரிக்க நிறுவனங்கள் சொன்ன யோசனைகளே தொழில்நுட்பக் கசிவு என்று வழக்கானது, பெரிய அபராதங்கள் விழுந்தன, செயற்கைக்கோளையே ஆயுதப் பட்டியலில் சேர்த்தார்கள். அமெரிக்கப் பாகம் உள்ள எந்தக் கோளும் சீன ராக்கெட்டில் ஏற முடியாமல் போயிற்று. சீனர்கள் அந்த அடியில் தரக்கட்டுப்பாட்டைத் தலைகீழாக மாற்றினார்கள். 1996 ஆகஸ்டுக்குப் பிறகு 2009-இல் ஒரு இந்தோனேசியக் கோள் தாழ்வான பாதையில் விடுபடும்வரை, பெரிய சறுக்கல் எதுவும் இல்லாமல் எழுபது லாங் மார்ச்சுகளுக்கு மேல் பறந்தன. இடையில் 2003 அக்டோபரில் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் போனார், அதே 2ஈ வம்சத்து ராக்கெட்டில். மேலே போகும்போது 26 விநாடி நேரம் ராக்கெட்டின் அதிர்வு குடலையே உலுக்கியது, செத்தேன் என்று நினைத்தேன் என்று பிற்பாடு சொன்னார். அடுத்த பயணத்துக்குள் அதைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் மலைக்கு நடுவே ஏவுதளம் வைத்ததற்கான வாடகையை இன்னொருத்தர் கட்டிக்கொண்டே இருந்தார். ஷிசாங்கில் இருந்து கிழக்கே கிளம்பும் ராக்கெட்டின் பூஸ்டர்கள் குய்ஜோவிலும் குவாங்சியிலும் விழுகின்றன. அங்கே ஊர் இருக்கிறது. ஏவும் நாளில் வீட்டை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நில்லுங்கள் என்று அறிவிப்பு வரும். எனக்கு இந்த வீடியோக்களைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. 2019 நவம்பரில் வந்தது ஒன்று: ஓட்டு வீட்டின் மேல் ராக்கெட் துண்டு சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் செங்காவி நிறப் புகை. 2024 ஜூனில் இன்னொன்று: பிரெஞ்சு-சீன ஆய்வுக்கோளை ஏற்றிய லாங் மார்ச் 2சி-இன் கீழ் அடுக்கு மஞ்சள் புகையை இழுத்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் இறங்க, ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு குழந்தையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறது. விழும் இடத்தைச் சுருக்க 2019-இலேயே தட்டி மாதிரி இறக்கைகளைப் பொருத்திச் சோதித்தார்கள், பாராசூட்டும் கட்டிப் பார்த்தார்கள். நல்ல முயற்சி. ஆனாலும் என் கூரைக்கு மேலே அது வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

எங்கள் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருவதன் காரணமும் விழுகிற இடம்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை மேல் போகும், அதனால் வளைந்து போய் எரிபொருளை விரயமாக்க வேண்டும். எங்கள் கரையில் இருந்து விட்டால் தெற்கே வெறும் கடல்.

சீனர்களும் கடைசியில் கடலுக்கு வந்தார்கள். 2009-இல் ஹைனான் தீவின் வென்சாங்கில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே வேலை தொடங்கியது. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சுழற்சியின் தள்ளு கூடக் கிடைக்கும், பூஸ்டர் கடலில் விழும். எல்லாவற்றையும்விட, ரயில் வேண்டாம். தியான்ஜின் துறைமுகத்துப் பக்கம் புதுத் தொழிற்சாலை, அங்கிருந்து யுவான்வாங் 21, 22 என்று இதற்காகவே கட்டிய இரண்டு கப்பல்கள். இதே யுவான்வாங் வரிசையின் கண்காணிப்புக் கப்பல் ஒன்றுதான் 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்து நம் செய்திச் சேனல்களைப் பரபரப்பாக்கியது. அது 5-ஆம் எண், வேலை வேறு.

சுரங்கம் விலகியதும் ராக்கெட் பருத்தது. லாங் மார்ச் 5-இன் நடு உடம்பு 5 மீட்டர். அங்கே அதன் செல்லப் பெயரே 'குண்டு ஐந்து'. எரிபொருளும் மாறியது, நடுவில் ஹைட்ரஜன், பக்கத்தில் மண்ணெண்ணெய், இரண்டுக்கும் திரவ ஆக்சிஜன். 2016 நவம்பர் 3 அன்று முதல் பயணம். 2017 ஜூலை 2 அன்று இரண்டாவது, ஹைட்ரஜன் இன்ஜினின் டர்போ பம்ப் கோளாறாகி மொத்தமும் கடலுக்குள் போனது. அடுத்த பயணத்துக்கு 908 நாள் ஆனது. நிலவில் மண் எடுக்கும் திட்டம், செவ்வாய்த் திட்டம், விண்வெளி நிலையம் எல்லாம் வரிசையில் நின்று இந்த ஒரு ராக்கெட்டுக்காகக் காத்திருந்தன.

கடலுக்கு வந்தும் விழுகிற வியாதி முழுசாக விடவில்லை. நிலையத்தின் பகுதிகளை ஏற்றும் லாங் மார்ச் 5பி-இல் மேல் அடுக்கு கிடையாது. இருபது டன் சொச்ச நடு உடம்பே சுற்றுப்பாதைக்குப் போய்விட்டு, இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கும். 2021 மே மாதம் மாலத்தீவுக்குப் பக்கத்துக் கடலில் இறங்கியது. 2022 நவம்பரில் ஸ்பெயின் தன் வான்வெளியின் ஒரு பகுதியைக் கொஞ்ச நேரம் மூடியது. பழைய 3பி-யும் சும்மா இல்லை. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வெளியில் சுமார் 3 மீட்டர் அகல உலோக வளையம் விழுந்தது. 3பி-இன் மூன்றாவது அடுக்கு என்றார்கள். அந்த அடுக்கின் விட்டமும் 3 மீட்டர்தான்.

இப்போது வேகம் வேறு. முதல் நூறு லாங் மார்ச்சுகளுக்கு 37 வருஷம் பிடித்தது, 2023 டிசம்பரில் முடிந்த ஐந்தாவது நூறுக்கு இரண்டே வருஷம். தனியார் கம்பெனிகள் வேறு வந்துவிட்டன. லேண்ட்ஸ்பேஸ் கம்பெனியின் ஜுசுவே 2 என்ற ராக்கெட் 2023 ஜூலை 12 அன்று மீத்தேனில் ஓடிச் சுற்றுப்பாதையைத் தொட்டது, உலகிலேயே முதலாவதாக, அமெரிக்கர்களை முந்திக்கொண்டு. 2024 ஜூனில் இன்னொரு கம்பெனியின் தியான்லோங் 3, தரையில் கட்டிவைத்துச் சோதிக்கும்போது கட்டை அறுத்துக்கொண்டு பறந்து மலையில் போய் விழுந்ததும் இதே கூட்டத்தில் சேர்த்தி.

மீத்தேனில் ஓடுகிற அந்த ஜுசுவே 2-இன் விட்டம் எவ்வளவு தெரியுமா? 3.35 மீட்டர். கப்பலில் போய்க் கடலோரத்தில் இருந்தே கிளம்புகிற லாங் மார்ச் 7-இன் நடு உடம்பு? 3.35, பக்கத்தில் நாலு 2.25. குண்டு ஐந்தின் பூஸ்டர்கள்கூட 3.35. தகடு வளைக்கும் எந்திரம், வெல்டிங் ஜிக், தொட்டியின் மூடி, பழகின கை எல்லாம் அந்த அளவுக்கு அமைந்துவிட்டன. சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காத ராக்கெட்டும் சுரங்கத்தின் அளவில்தான் பிறக்கிறது.

2019 டிசம்பர் 27 சாயங்காலம் கயத்தாறு தாண்டி ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பத்து மணிக்கு மேல்தான் பெர்மிட். ஆறே கால் மணிக்கு லாங் மார்ச் 5 மறுபடி கிளம்புகிறது என்று ஃபோனைத் திறந்து வைத்திருந்தேன். டிரைவர் அண்ணாச்சி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளை ராக்கெட், இருட்டு, சீன மொழியில் எண்ணுகிற குரல்.

"என்ன அகலம் தம்பி இருக்கும்?"

"நடுவுல இருக்கறது அஞ்சு மீட்டர் அண்ணாச்சி. சுத்தி நிக்கற நாலும் மூணு முப்பத்தஞ்சு."

அவர் வாயில் ஏதோ கணக்குப் போட்டார். "அந்த நாலையும் ஏத்திரலாம். நடுவுல உள்ளது நம்ம ரயில்வே பாலத்துல நுழையாதே."

அதான் கப்பலில் கொண்டுபோனார்கள் என்றேன். நெருப்பு பற்றி அது மேலே ஏற ஆரம்பித்தது. முன்னால் பம்ப் கோளாறான கட்டத்தையும் தாண்டிப் போய்விட்டது, எனக்குத்தான் மூச்சு வந்தது. அண்ணாச்சி அதற்குள் டிரெய்லர் டயரில் காற்றுப் பார்க்கப் போயிருந்தார். பத்தரைக்கு நான் கம்பை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.